16-இல் 7: ஒரு கழுத்துத் தண்டுவடக் காயத்தைத் தரம் பிரித்த கதை

எங்களிடம் வந்த மாற்றல் கடிதத்தில் நோயின் பெயர் ஒரே வரியில் இருந்தது: 'சி 6, கம்ப்ளீட், ஏஷியா ஏ'. சி 6 சரிதான். மற்ற இரண்டும் அன்றைக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாதவை. ஆனால் கடிதம் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அந்த வரி நோயாளியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "கழுத்துக்குக் கீழ முழுசா கட்டாயிருச்சாம், இனிமே ஒண்ணும் வராதாம்" என்று அவருடைய அம்மா சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் போட்டு அழுது முடித்திருந்தார்.

நான் பினாங்கில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த நோயாளியை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தண்டுவடக் காயத்தின் கடுமையை ஏ (முழுமையான இழப்பு) முதல் இ (இயல்பு) வரை ஐந்து எழுத்துக்குள் அடக்கும் அந்த அளவுகோல் எங்கே நன்றாக உழைக்கிறது, எங்கே கையை விரித்துவிடுகிறது என்பது இரண்டும் இவர் ஒருவரிடமே தெரிந்ததால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு எழுத்துத் தொல்லையைத் தீர்த்துவிடுவோம். தமிழில் எழுதும்போது 'சி' கழுத்துப் பகுதியையும் குறிக்கும், மூன்றாவது தரத்தையும் குறிக்கும். 'டி' நெஞ்சுப் பகுதிக்கும் வரும், நான்காவது தரத்துக்கும் வரும். எண் ஒட்டியிருந்தால் தண்டுவடத்தின் பகுதி, தனியாக நின்றால் தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஏஷியா' என்பதும் கண்டத்தின் பெயர் அல்ல. அவருடைய மனைவி ஒரு நாள், "ஏசியான்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் போடுற கணக்கா டாக்டர்?" என்று கேட்டார். அமெரிக்கன் ஸ்பைனல் இன்ஜுரி அசோசியேஷன் என்ற அமைப்பின் சுருக்கம் அது என்றதும், "அமெரிக்காக்காரன் எதுக்கு ஏசியான்னு பேர் வைக்கணும்" என்றார். நியாயமான கேள்வி.

விபத்து

வயது 41. வீடு பிறையில், வேலை தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் மோட்டாரில் பாலம் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். தூக்கக் கலக்கத்தோடு, மழையில், பக்கக் காற்றில் அதைக் கடப்பது எப்படி என்று அங்கே தினமும் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். டயர் வழுக்கியது. தலை முன்னால் போய்த் தடுப்பில் மோதி, தாடை நெஞ்சோடு மடிந்தது. ஹெல்மட் இருந்ததால் மண்டைக்கு ஒன்றும் இல்லை. பின்னால் வந்த இரண்டு பேர் அக்குளிலும் முழங்காலிலும் பிடித்துத் தூக்கி ஓரமாகக் கிடத்தினார்கள். நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் கழுத்து உடைந்திருக்கக்கூடிய ஆளை, பின்னால் வரும் வண்டி ஏறிவிடும் என்ற பயம் இல்லாவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் தலையை மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பது நல்லது.

ஸ்கேனில் ஆறாவது கழுத்து முள்ளெலும்பு ஏழாவதன் மேல் முன்பக்கமாகச் சறுக்கிப் பூட்டிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் 84-க்கு 50, நாடித்துடிப்பு 52. ரத்தம் போய் அழுத்தம் இறங்கினால் நாடி வேகமாக ஓடும். இங்கே நாடியும் மெதுவாக இருந்தது, உடம்பு சூடாகவும் இருந்தது. தண்டுவடத்திலிருந்து இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் போகும் கட்டளை அறுந்துபோனதன் அடையாளம் அது. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் இதை உடனே புரிந்துகொண்டார்கள். மருந்து கொடுத்து அழுத்தத்தை ஏற்றி வைத்தார்கள். 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து, சறுக்கிய எலும்பை நேராக்கி, முன்பக்கம் தட்டு வைத்துப் பூட்டினார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய குறை, முதல் மூன்று மணி நேரத்தில் நிரப்பிய ஒரு தாளில் இருந்தது.

அந்தத் தாளில் கால் தசைகள் எல்லாம் 0. உணர்வு என்ற இடத்தில் 'நெஞ்சுக்குக் கீழே மரத்துள்ளது'. மலவாய்ப் பரிசோதனைக்கான கட்டம் காலி. கீழே 'ஏ' என்ற எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

கடைசி இடத்தில் இருக்கும் பதில்

1969-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையிலிருந்து ஃபிராங்கெல் குழு வெளியிட்ட தரவரிசைதான் இன்றைய அளவுகோலின் அப்பா. அதில் 'பயனில்லாத அசைவு', 'பயனுள்ள அசைவு' என்று இருந்தது. யாருக்குப் பயன்? பரிசோதிக்கும் டாக்டருக்குத் தோன்றினால் பயன். அந்தத் தொளதொளப்பை இறுக்கத்தான் அமெரிக்கச் சங்கம் 1982-இல் தன் முதல் விதிகளை எழுதியது. 1992-இல் ஃபிராங்கெலின் இடத்துக்கு இப்போதைய ஏ முதல் இ வரையிலான வரிசை வந்தது. அதோடு 'முழுமையான காயம்' என்பதற்குத் தெளிவான ஒரு கோடும் போட்டார்கள்: தண்டுவடத்தின் கடைசிப் பகுதியான எஸ் 4-5-இல் உணர்வும் இல்லை, இயக்கமும் இல்லை என்றால்தான் ஏ.

எஸ் 4-5 என்பது மலவாயைச் சுற்றியுள்ள சிறு வட்டம். அங்கே தொடுவதோ குத்துவதோ கொஞ்சம் தெரிந்தாலும், உள்ளே விரலால் அழுத்துவது தெரிந்தாலும், சொன்னதும் இறுக்க முடிந்தாலும், அது ஏ ஆகாது. காலில் ஒரு அசைவும் இல்லாமல் இருந்தாலும் ஆகாது. குத்துவலியையும் சூட்டையும் மூளைக்குக் கொண்டுபோகும் பாதையில் கழுத்து, கை சம்பந்தப்பட்ட நார்கள் உள்பக்கம் இருக்கும், இடுப்புக்கடியில் இருந்து வருபவை வெளி ஓரத்தில் இருக்கும். தண்டுவடம் நடுவில் நசுங்கும்போது ஓரத்து நார்கள் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஆக, எதாவது மிச்சம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கடைசி வட்டத்தில்தான் தேட வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஏ போடுவது, வினாத்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருத்தாமலே பையன் பெயில் என்று எழுதுவது மாதிரி. பரிசோதிக்க முடியாவிட்டால் 'பரிசோதிக்க இயலவில்லை' என்று எழுதவும் அந்தத் தாளில் வழி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. காயம் பட்ட முதல் சில மணி நேரத்தில் நோயாளி வலி மருந்தின் மயக்கத்தில் இருப்பார், அழுத்தம் இறங்கியிருக்கும், தண்டுவடமே அதிர்ச்சியில் ஊமையாக இருக்கும். அதனால்தான் 72 மணி நேரம் ஆன பிறகு செய்யும் பரிசோதனையை நம்பி எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். முதல் நாள் பரிசோதனை வேண்டாம் என்பதல்ல. அது அவசியம். நிலைமை மோசமாகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை.

நான்காம் நாள்

பரிசோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் பஞ்சால் ஒரு தொடுதல், ஊக்கால் ஒரு குத்தல். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு முறையும் கன்னத்தில் தொட்டு ஒப்பிடச் சொல்ல வேண்டும். கன்னத்தில் இருப்பது போலவே இருந்தால் 2, வேறு மாதிரி இருந்தால் 1, ஒன்றும் இல்லாவிட்டால் 0. கேட்க எளிதாக இருக்கும். மொழி குறுக்கே வரும் இடம் இதுதான்.

நெஞ்சில் பஞ்சை வைத்தேன். "தெரியுதாண்ணே?"

"மரத்துப் போயிருக்கு டாக்டர்."

முதல் தாளில் இந்தப் பதிலை அப்படியே எழுதிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று யாரோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தமிழில் 'மரத்துப் போச்சு' என்றால் சுத்தமாகத் தெரியவில்லை என்றும் அர்த்தம், ஏதோ மந்தமாகத் தெரிகிறது என்றும் அர்த்தம். பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தவரும் அப்படித்தான் சொல்வார், சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுந்தவரும் அப்படித்தான் சொல்வார். நான் விடவில்லை. "தொடுறது தெரியவே இல்லையா, இல்ல வேற மாதிரி தெரியுதா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "பனியனுக்கு மேல தொடுற மாதிரி இருக்கு." அது 1. வார்டில் மலாயில் "ரசா?" (தெரிகிறதா?) என்று ஒற்றைச் சொல்லில் கேட்டு "தக்" (இல்லை) என்று பதில் வாங்கியிருந்தால் இந்த பனியன் கிடைத்திருக்காது.

ஊக்கில் விதி வேறு. கூர்முனையா மொட்டைமுனையா என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், ஏதோ படுகிறது என்று தெரிந்தாலும் 0-தான். சந்தேகம் வந்த இடத்தில் பத்து முறை மாற்றி மாற்றி வைத்தால் குறைந்தது எட்டு முறை சரியாக வர வேண்டும். நெஞ்சிலிருந்து கீழே அவருக்குக் கூர்மை எங்குமே பிடிபடவில்லை. ஆனால் எஸ் 4-5-இல், வலது பக்கம், பஞ்சு லேசாகத் தெரிந்தது.

பிறகு விரல் பரிசோதனை. அம்மாவை வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கீழ ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாங்களே. அப்புறம் இதை வேற எதுக்குப் பார்க்கணும்?"

"அவங்க இதைப் பார்க்காமலே சொல்லிட்டாங்கண்ணே."

உள்சுவரை மெதுவாக அழுத்தினேன். பதில் இல்லை. மறுபடியும் அழுத்தினேன். "என்னமோ தள்ளுற மாதிரி இருக்கு" என்றார். ஆசைக்குச் சொல்கிறாரா என்று பார்க்க, இடையிடையே அழுத்தாமலே கேட்டேன். அழுத்தாதபோது "இல்ல" என்றார். அழுத்தியபோதெல்லாம் "இப்ப இருக்கு" என்றார். மலத்தை அடக்குவது போல இறுக்கச் சொன்னேன். இறுக்கம் வரவில்லை. உணர்வு இருக்கிறது, இயக்கம் இல்லை: தரம் பி.

முக்கியத் தசைகள் பக்கத்துக்குப் பத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். முழங்கையை மடக்கும் சி 5 இரண்டு பக்கமும் 5. மணிக்கட்டைத் தூக்கும் சி 6 வலது 4, இடது 3. முழங்கையை நீட்டும் சி 7-இல் வலது பக்கம் மட்டும் தசை லேசாகத் துடித்தது, 1. விரல்கள், கால்கள் எல்லாம் 0. மொத்தம் 100-க்கு 18. ஒரு மட்டத்தின் தசை குறைந்தது 3 வாங்கி, அதற்கு மேலே உள்ளவை எல்லாம் 5 வாங்கினால் அதுதான் இயக்க மட்டம். உணர்வு சி 6 வரை இயல்பாக இருந்தது. ஆக நரம்பியல் மட்டம் சி 6. உடைந்தது எந்த எலும்பு என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. கடைசியாகச் சரியாக வேலை செய்வது எது என்பதைத்தான் பார்க்கிறது.

ஏ-க்கும் பி-க்கும் நடுவில் என்ன இருக்கிறது? முதல் பரிசோதனையில் உண்மையாகவே ஏ ஆக இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடம் கழித்தும் ஏ ஆகவே இருக்கிறார்கள். பி-யில் கதவு அவ்வளவு இறுகச் சாத்தியிருக்காது. அதிலும் எஸ் 4-5-இல் குத்துவது தெரிகிறவர்கள் நடக்கும் வாய்ப்பு, தொடுவது மட்டும் தெரிகிறவர்களைவிட அதிகம். குத்தும் உணர்வின் பாதை, அசைவின் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஒன்று பிழைத்தால் மற்றதும் பிழைத்திருக்கலாம். இவருக்கு நான்காம் நாள் குத்து தெரியவில்லை. அதனால் அம்மா, "அப்ப நடப்பானா தம்பி?" என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. "முழுசா கட்டாகலம்மா. மிச்சம் இருக்கு. எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றேன். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அவர் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார்.

துடித்த கால், அசைந்த விரல்

மூன்றாவது வாரம் வீட்டாரிடமிருந்து போன் வந்தது. "காலு அசையுது டாக்டர், என் கண்ணால பார்த்தேன்!" போய்ப் பார்த்தேன். போர்வையை இழுக்கும்போதெல்லாம் வலது கால் மடங்கி நீண்டது. மடக்கச் சொன்னால் கிடந்த இடத்தில் கிடந்தது. அதிர்ச்சி விலகியதும் தண்டுவடம் மூளையைக் கேட்காமல் தானாக உதைக்கும் உதை அது. அதற்கு மதிப்பெண் கிடையாது. இந்தச் செய்தியைச் சொல்வது, முதல் நாள் செய்தியைச் சொல்வதைவிடக் கடினமாக இருந்தது. ஆனால் அதே நாளில் இன்னொன்று கிடைத்தது: எஸ் 4-5-இல் வலது பக்கம் ஊக்கின் கூர்மை லேசாகப் பிடிபட்டது. பத்துக்கு ஒன்பது சரி. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த மாதத்தின் பெரிய செய்தி அதுதான்.

ஏழாவது வாரம் வலது கால் கட்டைவிரல் மேல்நோக்கி அசைந்தது. சொன்னபோது அசைந்தது, நிறுத்தச் சொன்னபோது நின்றது, மூன்று முறையும். அது இடுப்புப் பகுதியின் எல் 5, மதிப்பெண் 1. இயக்க மட்டத்திலிருந்து மூன்று மட்டங்களுக்கும் அப்பால், கீழே, ஒரே ஒரு தசையில் சிறு துடிப்பு இருந்தாலும், எஸ் 4-5-இல் உணர்வும் இருந்தால், தரம் சி ஆகிவிடும். ஒரு விரலின் துடிப்பு ஒரு எழுத்தையே நகர்த்திவிட்டது. அன்று அவரால் செய்ய முடிந்த வேலைகளில் ஒன்றுகூட மாறவில்லை.

மாறியது கை. இதைப் பற்றி அளவுகோல் ஒன்றும் பேசாது, ஆனால் சி 6 ஆட்களுக்கு வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது. மணிக்கட்டைத் தூக்க முடிந்தால், விரல்களுக்கு உயிர் இல்லாவிட்டாலும், விரல் நாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாக மடங்கும். அந்தப் பிடியில் கரண்டியைப் பிடிக்கலாம், போனைத் தூக்கலாம். அதற்கு விரல் நாண்கள் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டும். அவருடைய அம்மாவோ தினமும் நல்லெண்ணெய் காய்ச்சி, மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி, விரல்களை ஒவ்வொன்றாக நேராக உருவிவிட்டுக்கொண்டிருந்தார். மடங்கிக் கிடக்கும் விரலைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் கை சும்மா இருக்காது. "எண்ணெய் தேய்ங்கம்மா. ஆனா விரலை நீட்டணும்னா மணிக்கட்டை முன்னால தொங்கவிட்டு நீட்டுங்க. மணிக்கட்டைத் தூக்குறப்ப விரல் மடங்கட்டும்" என்று மூன்று முறை காட்டிக் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து அவர் அதைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

அளவுகோல் தொடாத இன்னொன்றால் நோயாளி ஒரு முறை எங்களைப் பயமுறுத்தினார். சிறுநீர்க் குழாய் மடிந்து அடைத்துக்கொண்டது. தலை வெடிக்கும் வலி, முகம் சிவந்து வியர்வை, ரத்த அழுத்தம் 190. டி 6-இலோ அதற்கு மேலேயோ காயம் பட்டவர்களுக்கு இது வரும். உட்கார வைத்துக் குழாயின் மடிப்பை நீக்கியதும் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் முன் அவருடைய மனைவிக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

ஒரு வருடம்

கடைசியாகப் பார்த்தபோது மொத்த மதிப்பெண் 55. கைகள் 30, கால்கள் 25. முழங்கை தாங்கும் வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் 12 மீட்டர் நடக்கிறார், வெளியே போக சக்கர நாற்காலி. 18-லிருந்து 55 என்பது 37 மதிப்பெண் ஏற்றம். எழுத்தில் பார்த்தால் பி-யிலிருந்து சி, ஒரு படி.

டி-க்கு எவ்வளவு தூரம்? நரம்பியல் மட்டத்துக்குக் கீழே உள்ள முக்கியத் தசைகளில் பாதியாவது 3 அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். சி 6-க்குக் கீழே பக்கத்துக்கு எட்டு, மொத்தம் 16. இவருக்கு வலது பக்கம் ஐந்து, இடது பக்கம் இரண்டு. 16-இல் 7. இன்னும் ஒன்று வந்தால் டி.

அந்த ஒன்று இடது இடுப்பை மடக்கும் எல் 2. மல்லாந்து படுத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் தூக்க வேண்டும். பூமி இழுப்பை எதிர்த்து முழு வீச்சும் போனால் 3. இவர் தூக்கினார், கால் பாதி வழிக்கு மேல் வந்து நடுங்கி நின்றுவிட்டது. மறுபடியும் தூக்கச் சொன்னேன். அதே இடம்.

கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற அவருடைய மனைவிக்குக் கணக்கு தெரிந்திருந்தது. இந்த ஒரு வருடத்தில் அவர் எங்கள் ஜூனியர் டாக்டர்களைவிட நன்றாகத் தாளைப் படிக்கப் பழகிவிட்டார். "எட்டாக்கிடலாமே டாக்டர். டி-ன்னா நடக்குறவங்கன்னு போட்டிருக்கு."

"டி-ன்னு எழுதினா வீட்டுல 13 மீட்டர் நடப்பாராண்ணி?"

அவர் சிரிக்கவில்லை. மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் பாரங்கள் அவர் கைப்பையில் இருந்தன. வேலை முடிந்து நேராக வீட்டுக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் 1969 சட்டப்படி வேலை விபத்தாகக் கோரியிருந்தார்கள். இழப்பு எத்தனை விழுக்காடு என்பதை அவர்களுடைய மருத்துவக் குழு தனியாகப் பார்த்து முடிவு செய்யும், நான் போடும் எழுத்து அதை நிர்ணயிக்காது என்று விளக்கினேன். அவருக்கு அதுவும் தெரிந்துதான் இருந்தது. அவர் கேட்டது பணத்துக்காக இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மாமியார் அன்று மாலை யாருக்கெல்லாம் போன் செய்வார் என்று அவருக்குத் தெரியும்.

நோயாளி கண்ணைத் திறந்தார். "விடு. ரெண்டுன்னா ரெண்டு. டாக்டர், அடுத்த தடவை எப்ப?"

"ஆறு மாசம் கழிச்சு."

எல் 2, இடது என்ற கட்டத்தில் 2 போட்டு, மேலே தேதியை எழுதினேன்.